பன்னிரண்டு எழுத்தில் ஒரு மாதம்மா

போன வாரம் உங்கள்ல ஒரு பொண்ணு, நல்லா வேலை செய்யிற பொண்ணு, புதுசா எழுதின சம்பள ஸ்க்ரீனை என்கிட்ட காட்டினா. நான் ஒரு பேரை அடிச்சேன். இனிஷியலுக்குப் பின்னாடி புள்ளி வச்சுட்டேன் போல, அது சாஃப்ட்வேருக்குப் பிடிக்கல. சிவப்பு எழுத்துல ஒரு வரி வந்துச்சு: "இன்வேலிட் பர்சன்".

எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு. செல்லாத நோட்டு கேள்விப்பட்டிருக்கேன், செல்லாத செக் கேள்விப்பட்டிருக்கேன். செல்லாத ஆளா? யாரும்மா அது? ஒரு புள்ளி தப்பாப் போனா ஆளே செல்லாமப் போயிடுமா? அந்தப் பொண்ணு, "மேடம், அது சும்மா ஒரு எரர் மெசேஜ்தானே, யாரு அதைப் படிக்கிறாங்க"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புக்குத்தான் இன்னைக்கு இவ்வளவு பேரையும் உக்கார வச்சிருக்கேன். அவளைத் திட்டுறதுக்கு இல்ல. படிக்கிறாங்கன்னு சொல்றதுக்கு. நீங்க எழுதுற ஒவ்வொரு அசட்டு வரியையும் எங்கேயோ ஒரு ஆள் படிக்கிறான், படிச்சு அப்படியே நம்புறான், நம்பி இன்னொரு ஆளோட சோத்துல கை வைக்கிறான்.

உங்க எம்.டி. என்னைக் கூப்பிட்டப்ப, "ரிட்டயர் ஆனவங்க, நம்ம புதுப் பசங்களுக்கு அனுபவத்தைச் சொல்லுங்க, கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்"னாரு. என்கிட்ட ஜாலி கம்மி. கோவம் நிறைய இருக்கு. அதைத்தான் சொல்லப்போறேன், கேட்டுக்கங்க.

தொண்ணூறுகள்ல மைசூர்ல கம்ப்யூட்டர்ன்னா இப்ப மாதிரி இல்ல. கறுப்பு ஸ்க்ரீன், பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. எங்க ஆபீஸ் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல மாடியில ரெண்டு ரூம். ஓனர், நான், இன்னும் ரெண்டு பசங்க, அவ்வளவுதான் கம்பெனி. ஓனர்தான் புரோகிராம் எழுதுவாரு. கணக்கு, சரக்கு, சம்பளம் மூணும் ஒரே சாஃப்ட்வேர்ல. அதை அரிசி மில்லு, பட்டுக்கடை, பாக்டரின்னு விப்போம். விக்கிறது அவரு. வித்த இடத்துல ஏதாவது கோளாறுன்னா பஸ்ஸேறிப் போறது நான். "வசந்தா, போய் என்னன்னு பாரு" - இதுதான் என் வேலைக்கு அவரு வச்ச பேரு.

ஓனர் கெட்டிக்காரர், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கஞ்சம். பணத்துல மட்டும் இல்ல, எழுத்துலயும் கஞ்சம். சம்பளச் சீட்டு ஒரு தாள்ல ரெண்டு ஆளுக்கு வந்துட்டு இருந்துச்சு. மூணு ஆளுக்கு வர வச்சா கஸ்டமருக்குத் தாள் மிச்சம்னு கணக்குப் போட்டு, புது வெர்ஷன்ல பேர் எழுதுற இடத்தைக் குறைச்சாரு. பன்னிரண்டு எழுத்து. அதுக்கு மேல எது அடிச்சாலும் கத்தரிச்சுப் போட்டுடும், சொல்லக்கூடச் சொல்லாது.

"சார், நம்ம ஆளுங்க பேரு நீளம் சார்"னேன்.

"நீளமாப் பேரு வச்சா அது அவங்க தலையெழுத்து"ன்னாரு.

சரி, எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துன்னா நானும் விட்டிருப்பேன். மேல்கோட்டையில எங்களுக்கு ஒரு கஸ்டமர் இருந்தாரு, புஸ்தகம் அச்சடிச்சு விக்கிறவரு, வயசானவரு, ரொம்ப மரியாதையாப் பேசுவாரு. ஊர்ப்பேரு, அப்பா பேரு, தன் பேரு, பட்டம்னு அவர் பேரு ரெண்டு வரிக்கு வரும். புது வெர்ஷன்ல அது பாதியில அறுந்து நின்னுச்சு. அவர் ஒரு போன் பண்ணாரு, "அம்மா, என் பேர் முழுசா வரலியே"ன்னு. அவ்வளவுதான். எங்க ஓனர் மறுநாள் காலையில முதல் பஸ்ஸுல, கையில நீளப் பேர் வர்ற ஃப்ளாப்பி, இன்னொரு கையில மைசூர்பாகு, மேல்கோட்டைக்குக் கிளம்பிட்டாரு. அந்தப் பெரியவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. தன் பேர் முழுசா வரணும்னு கேக்குறதுல என்ன தப்பு? எல்லாரும் கேக்கணும். நான் சொல்ல வர்றது, அந்த ஃப்ளாப்பியோட காப்பி எங்க ஆபீஸ் அலமாரியில இருந்துச்சுங்கிறது. அதை ஞாபகம் வச்சுக்கங்க.

அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள்ல ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல இருந்து போன். அங்க ஒரு ஊதுவத்தி கம்பெனி. புது வெர்ஷனை ஓனரே போய்ப் போட்டுட்டு வந்த இடம். பேசினவர் மேனேஜர். குரல்ல அவ்வளவு சந்தோஷம்.

"மேடம், உங்க சாஃப்ட்வேர் சூப்பர்! போட்ட முதல் நாளே திருடியப் பிடிச்சுக் குடுத்துடுச்சு. ஒரே ஒரு சின்ன விஷயம், மாசக் கணக்கு ஒத்து வரல. சாயங்காலம் முதலாளி வர்றாரு. நீங்க வந்து சரி பண்ணிக் குடுத்துடுங்க."

நான் அப்பவே யோசிச்சிருக்கணும், கணக்கு சாஃப்ட்வேர் எப்படி ஆளைப் பிடிக்கும்னு. யோசிக்கல. பஸ்ஸேறிட்டேன்.

கம்பெனி கேட்டுக்கு எதிர்ல ஒரு புங்க மரம். அதுக்கடியில ஒரு பொம்பளை உக்காந்திருந்தா. முப்பது வயசு இருக்கும். நல்லா வாரிப் பின்னின தலை, மடியில டிபன் பாக்ஸ். வேலைக்கு வந்தவ உள்ள போகாம உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. என் கையில ஃப்ளாப்பி டப்பாவைப் பாத்ததும் எழுந்து வந்தா.

"அக்கா, நீங்க ஆபீஸ் ஆளுங்ளா?"

"இல்லம்மா, நான் கம்ப்யூட்டர் பாக்க வந்தவ."

அவ மூஞ்சி மாறிடுச்சு. "அந்தப் பொட்டிதான் என்னைய வெளிய தள்ளிப்போட்டுதுங். அதுகிட்ட கேளுங்க்கா, நான் அதுக்கு என்ன பண்ணுனேன்னு."

எனக்கு ஒண்ணும் புரியல. வாட்ச்மேன், "ஏய், ஹோகம்மா, தினமும் இதே ரகளை"ன்னு அவளை விரட்டினான். அவ நகரல. "என்ற பேரத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்"னு மறுபடி மரத்தடிக்குப் போயிட்டா. நான் உள்ள போயிட்டேன்.

மேனேஜர் எனக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைச்சு, கதை சொல்ல ஆரம்பிச்சாரு. புது வெர்ஷனை ஓட விட்டாராம். ஸ்க்ரீன்ல பெரிய எழுத்துல வந்துச்சாம்: "டூப்ளிகேட். கே எம் மாதம்மா. டெலிட்? ஒய் / என்."

"அப்புறம்?"

"ஒய் அழுத்திட்டேன். ஆளையும் வெளிய அனுப்பிட்டேன். எத்தனை வருஷமா ஏமாத்தினாளோ! டூப்ளிகேட் மாதம்மா!"

அவரு சிரிக்கிறாரு. நான் காபி டம்ளரைக் கீழ வச்சேன்.

உங்களுக்குப் புரியுதா? எங்க ஓனர் எழுதின டூப்ளிகேட்டுக்கு அர்த்தம், ஒரே பேரு ரெண்டு தடவை இருக்குங்கிறது. ஆனா மைசூர்ல தெருவுல போற யாரையாவது கேட்டுப் பாருங்க. டூப்ளிகேட் நெய்னா என்ன? டூப்ளிகேட் பட்டுன்னா என்ன? டூப்ளிகேட் டாக்டர்னா என்ன? போலி. ஏமாத்து. சந்தனம்னு சொல்லி வேற கட்டையைத் தர்றது. அந்த மேனேஜர் தெருவுல பேசுற பாஷையில படிச்சாரு. போலி மாதம்மா, நீக்கவா வேண்டாமான்னு கம்ப்யூட்டர் தன்னைக் கேக்குதுன்னு நினைச்சுட்டாரு. நீக்குன்னு சொல்லிட்டாரு. ரெக்கார்டும் போச்சு, ஆளும் போச்சு. ஒரு பொத்தான்ல.

மாதம்மாக்கள் கதையையும் சொல்லிடறேன். கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் ஹனூர் தாண்டினா கௌதள்ளி. நம்ம தமிழ் ஜனங்க நிறைய. மலை மாதேஸ்வரன் பக்கத்துலயே இருக்கிறதால அங்க ஆம்பளைன்னா மாதேசன், மாதப்பன், மாதையன். பொம்பளைன்னா மாதம்மா. கூப்பிட்டா பத்துப் பேர் திரும்புவாங்க. இந்தக் கம்பெனியில கௌதள்ளி மாதேசன் மக மாதம்மா ரெண்டு பேரு. ரெண்டு மாதேசனும் வேற வேற ஆளுங்க. வத்தி உருட்டுற ஷெட்டுல அவங்களைப் பெரிய மாதம்மா, சின்ன மாதம்மான்னு கூப்பிடுவாங்க. பழைய வெர்ஷன்ல டைப் பண்ணின கிளார்க் புத்திசாலி, பேருக்குப் பின்னாடி பெரிய, சின்னன்னு சேத்து அடிச்சிருந்தான். புது வெர்ஷன் அதைக் கத்தரிச்சுப் போட்டுச்சு. இங்கிலீஷ்ல ஊருக்குக் கே, அப்பனுக்கு எம், அப்புறம் மாதம்மான்னு அடிச்சுப் பாருங்க, நடுவுல வர்ற இடைவெளியோட கச்சிதமா பன்னிரண்டு எழுத்து. அதுக்கப்புறம் பெரியவளும் ஒண்ணுதான், சின்னவளும் ஒண்ணுதான். பின்னாடி வேலைக்குச் சேந்து ரெண்டாவதா இருந்தவ டூப்ளிகேட் ஆயிட்டா. மரத்தடியில உக்காந்திருந்தாளே, அவதான் சின்ன மாதம்மா.

நான் மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன், அன்னைக்கு இருந்த பொறுமையை எல்லாம் கூட்டிப் பெருக்கி. அவர் தலையை ஆட்டிட்டே கேட்டாரு. கடைசியில, "கம்ப்யூட்டர் சுள்ளு ஹேளுத்தா மேடம்?"னாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு கேக்குறாரு!

"கம்ப்யூட்டர் பொய்யும் சொல்லாது, உண்மையும் சொல்லாது சார். எங்க ஓனர் எழுதினதைச் சொல்லும்."

"அப்போ உங்க ஓனர் பொய் சொல்றாரா?"

ஷெட் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொன்னேன். பழனின்னு பேரு, நம்ம ஆளுதான், தமிழன். வந்து கையைக் கட்டிட்டு நின்னாரு.

"பழனி, உங்க ஷெட்டுல மாதம்மா எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு மேடம்."

"ரெண்டு பேரையும் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒரே பலகையில எதிர் எதிர்ல உக்காந்து உருட்டுவாங்க."

"அப்ப சின்ன மாதம்மாவை டூப்ளிகேட்னு சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

தரையைப் பாத்தாரு. "மேனேஜர் சார் சொன்னாரு. கம்ப்யூட்டர்ல வந்துடுச்சுன்னாரு. நான் என்ன மேடம் பண்றது?"

மேனேஜராவது ஆளுங்களை அறியாதவரு, மாடியில உக்காந்திருக்கிறவரு. இந்த மனுஷன்? தினமும் ரெண்டு பேர் மூஞ்சியையும் பாக்கிறவரு. ஷெட்டுல எல்லார் முன்னாடியும், "டூப்ளிகேட், எந்திரி"ன்னு சத்தம் போட்டு அவளை எழுப்பி அனுப்பினது இவருதானாம். அவ உருட்டிட்டு இருந்த வத்தியைக்கூட கையில இருந்து பிடுங்கி வச்சிருக்காரு. கண்ணால பாத்த ஆளை விட்டுட்டு ஸ்க்ரீன்ல பாத்த எழுத்தை நம்புற மனுஷனை என்ன சொல்றது? எனக்கு அவரை அங்கேயே ஒண்ணு விட்டா என்னன்னு இருந்துச்சு. இப்பச் சொல்லும்போதும் இருக்கு.

அதுக்குள்ள மேனேஜர் கடிகாரத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. "மேடம், அதெல்லாம் அப்புறம். முதலாளி வர்ற நேரம். முதல்ல கணக்கை ஒத்து வர வைங்க."

அப்பத்தான் எனக்கு அது பட்டுச்சு. "எது ஒத்து வரல?"

"ஷெட்டுல உருட்டின வத்தி ஜாஸ்தி இருக்கு. கூலி குடுத்த வத்தி கம்மியா இருக்கு."

"ஏன் கம்மி? சின்ன மாதம்மா ரெக்கார்டை நீங்க அழிச்சப்ப அவ கூலியும் சேந்து அழிஞ்சு போச்சு. அவ உருட்டின வத்தி மட்டும் கோடவுன்ல இருக்கு. சார், நான் ஒண்ணு கேக்குறேன். ஆள் போலின்னா, அவ உருட்டின வத்தி எப்படி நிஜமா இருக்கு? போய் ஒண்ணைக் கொளுத்திப் பாருங்க, மணக்குதா இல்லையான்னு."

அவரு வாயை மூடிட்டாரு. ஆனா வாயை மூடினவங்க எல்லாம் ஒத்துக்கிட்டவங்க இல்லைன்னு தெரிஞ்சுக்கங்க. என்கிட்ட பேசாம, போனை எடுத்து எங்க ஓனர்கிட்ட பேசினாரு. பேசிட்டு ரிசீவரை என்கிட்ட குடுத்தாரு.

"வசந்தா, நீ அங்க சோஷியல் சர்வீஸ் பண்ணவா போன? கூலியில ஒரு சரிக்கட்டல் என்ட்ரி போடு, ரெண்டு பக்கமும் ஒத்து வந்துடும். போட்டுட்டுக் கிளம்பு."

"அந்தப் பொம்பளை, சார்?"

"எந்தப் பொம்பளை? அது அவங்க லேபர் மேட்டர். நம்ம சாஃப்ட்வேர் மேட்டர் இல்ல."

"உங்க டூப்ளிகேட்தான் சார் அவளை வெளிய தள்ளியிருக்கு. உங்க பன்னிரண்டு எழுத்து."

"அதை அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். இப்ப முடியாது."

"மேல்கோட்டைக்கு முடிஞ்சுதே சார். அந்த ஃப்ளாப்பி அலமாரியில ரெண்டாவது தட்டுல இருக்கு. பையன்கிட்ட குடுத்து ஆட்டோவுல அனுப்புங்க. மைசூர்பாகு வேண்டாம்."

அவரு சொன்னாரு, "நீ நாளைக்கு வேலைக்கு வரணும்னு நினைக்கிறியா இல்லையா?"

பயம் இல்லாம இருந்தேன்னு சொன்னா அது கப்ஸா. என் சம்பளத்துலதான் வீட்ல அடுப்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு. ஆனா ஒரு சரிக்கட்டல் என்ட்ரியைப் போட்டா என்ன ஆகும்னு நல்லாத் தெரியும். ஒரே ஒரு என்ட்ரி. ரெண்டு பக்கமும் ஒத்து வந்துடும், முதலாளி பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாரு. அதுக்கப்புறம் சின்ன மாதம்மான்னு ஒருத்தி அந்தக் கம்பெனியில எப்பவுமே இருந்ததில்ல. கணக்கு ஒத்து வராம இருக்கிறது ஒண்ணுதான் அன்னைக்கு அவளுக்குச் சாட்சி. அதையும் நான் என் கையால அழிக்கணுமாம்.

"ஃப்ளாப்பி வர்ற வரைக்கும் கீபோர்டைத் தொட மாட்டேன் சார்"னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன். நாற்காலியைப் பின்னாடி தள்ளிப் போட்டு, கையைக் கட்டிட்டு உக்காந்துட்டேன். மேனேஜர் என்னையும் ஸ்க்ரீனையும் கடிகாரத்தையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு. அவருக்கு அந்த ஸ்க்ரீன்ல ஒரு என்ட்ரி போடத் தெரியாது. எனக்கு அது நல்லாத் தெரியும்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்றேன். நெருக்கும்போது எல்லாரும் "சீக்கிரம் ஒத்து வர வை"ன்னுதான் சொல்லுவாங்க. ஒத்து வர வைக்கிறது சுலபம். எதை வச்சு ஒத்து வர வைக்கிறோம்னு பாக்குறதுதான் நம்ம வேலை.

ஃப்ளாப்பி வந்துச்சு. ஓனர் திட்டிட்டேதான் அனுப்பியிருப்பாரு, ஆனா அனுப்பினாரு. நான் அப்பவும் கீபோர்டைத் தொடல. "ரெண்டு மாதம்மாவையும் கூப்பிடுங்க"ன்னேன். பெரிய மாதம்மா ஷெட்டுல இருந்து வந்தா, கையெல்லாம் கறுப்பு மாவு. அவளுக்கு நரைச்ச தலை, ஒல்லி. சின்ன மாதம்மா கேட்டுல இருந்து வந்தா, டிபன் பாக்ஸை விடல. ரெண்டு பேரும் மேனேஜர் மேஜை முன்னாடி நின்னாங்க. மேனேஜர் ரெண்டு பேரையும் பாத்தாரு. முதல் தடவையாப் பாத்தாருன்னு நினைக்கிறேன்.

"ஓஹோ, இவங்க வேற அவங்க வேறயா"ன்னாரு. அவ்வளவுதான் அவரு சொன்னது. ஏதோ தக்காளியில ரெண்டு ரகம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்ட மாதிரி.

பேரைத் திருப்பி ஏத்தினேன். ஜாஸ்தியா நின்ன வத்திக்குக் கணக்குப் போட்டு அழிஞ்ச கூலியை ஏத்தினேன். கணக்கு ஒத்து வந்துடுச்சு. மேனேஜர் பெருமூச்சு விட்டுட்டு, "இனிமே குழப்பம் வேண்டாம், இவளை மாதம்மா நம்பர் டூன்னு போட்டுடுங்க"ன்னாரு.

சின்ன மாதம்மா மேஜைகிட்ட வந்துட்டா. "எதுக்குங் நம்பரு? என்ற அப்பன் எனக்குப் பேருதான் வச்சான், நம்பர் வெக்கல."

"சரிம்மா சரி. வேலைக்குப் போ. எல்லாம் சரியாயிடுச்சு."

"என்னங் சரியாச்சு? அத்தன பேரு முன்னால டூப்ளிகேட்னு கத்துனாரே பழனி அண்ணன், அதே எடத்துல நின்னு, இவ டூப்ளிகேட் இல்லன்னு கத்தச் சொல்லுங். அதுக்கப்பறம் உக்காருறேன்."

மேனேஜருக்குக் கோவம் வந்துடுச்சு. வேலை திரும்பக் குடுத்தது போதாதா, கூலிக்காரிக்கு மன்னிப்பு வேறயான்னு கன்னடத்துல சத்தம் போட்டாரு. நானும் சத்தம் போட்டேன். கன்னடத்துலயே போட்டேன், அவருக்கு ஒரு வார்த்தையும் தப்பிடக் கூடாதுன்னு. பழியை ஷெட்டுல வச்சுப் போட்டீங்க, எடுக்கிறதை மட்டும் ரூமுக்குள்ள பண்ணுவீங்களான்னு கேட்டேன். வெளிய முதலாளியோட கார் சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம்தான் வேலை செஞ்சுச்சு, என் சத்தம் இல்ல. "போய்யா, போய் என்னமோ சொல்லிட்டு வா"ன்னு பழனியைத் தள்ளிவிட்டாரு.

ஷெட்டுக்கு நாங்களும் போனோம். ஐம்பது அறுபது பொம்பளைங்க வரிசையா பலகை முன்னாடி உக்காந்திருந்தாங்க. பழனி நடுவுல போய் நின்னாரு. மூஞ்சியில ஒரு அசட்டுச் சிரிப்பு.

"எல்லாரும் கேட்டுக்கங்க. கம்ப்யூட்டர்ல ஏதோ மிஸ்டேக் ஆயிடுச்சாம். நம்ம டூப்ளிகேட் மாதம்மா ஒரிஜினல்தானாம்!"

ஷெட்டே சிரிச்சுச்சு. கெட்ட எண்ணத்துல யாரும் சிரிக்கலைன்னு வச்சுக்கங்க. பாதிப் பேரு அவ திரும்பி வந்த சந்தோஷத்துலதான் சிரிச்சாங்க. பெரிய மாதம்மாவும் சிரிச்சா. சின்ன மாதம்மா மட்டும் சிரிக்கல. பலகை முன்னாடி போய் உக்காந்து, டிபன் பாக்ஸை ஓரமா வச்சுட்டு, உருட்ட ஆரம்பிச்சா. நான் பக்கத்துல போனேன். தலை நிமிராம சொன்னா, "பாத்தீங்ளாக்கா. ஒட்டிக்கிச்சு."

அன்னைக்குச் சாயங்காலம் ஆபீசுக்கு வந்து ஓனரோட நான் போட்ட சண்டையில கீழ ஜவுளிக்கடைக்காரர் மேல ஏறி வந்துட்டாரு. வேலை போகல. என்னை விட்டா பஸ்ஸேறிப் போக அவருக்கு ஆள் இல்ல. அந்த மெசேஜைத் தூக்கிட்டு நானே ஒண்ணு எழுதிக் குடுத்தேன், இங்கிலீஷ்லதான்: "இதே பேரில் இன்னொருவர் இருக்கிறார். இருவரையும் நேரில் பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரியும்படி பேரை எழுதவும்." டெலிட்டும் கிடையாது, ஒய்யும் கிடையாது, என்னும் கிடையாது. "மெசேஜா இது, கல்யாணப் பத்திரிகையா?"ன்னு ஓனர் கேட்டாரு. ஆனா போட்டாரு. பேருக்கு இடமும் நீளமாச்சு, எல்லாருக்கும். தாள்ல மறுபடி ரெண்டு சீட்டுதான் வந்துச்சு. எந்தக் கஸ்டமரும் அதுக்காக எங்களை விட்டுப் போகல.

கம்ப்யூட்டர்ல இருந்து அந்த வார்த்தையை எடுத்தாச்சு. ஜனங்க வாயில இருந்து எடுக்க ஃப்ளாப்பி கிடையாது.

சில வருஷம் கழிச்சு சின்ன மாதம்மா எங்க ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தா. அந்த வேலையை அப்பவே விட்டுட்டாளாம். வேற கம்பெனி போனாளாம், அங்கயும் கௌதள்ளிக்காரிங்க இருந்தாங்களாம், அந்தப் பேரும் கூடவே வந்துடுச்சாம். ஊருக்கே திரும்பிட்டா. இப்ப ஊர்ல சின்னதா வீடு கட்டியிருக்கா, பால் காய்ச்சணும், "நீங்க வந்தே ஆவணுங்க்கா"ன்னு வெத்தலை பாக்கு வச்சுட்டுப் போனா.

போனேன். கொள்ளேகால்ல பஸ் மாறி, கௌதள்ளியில இறங்கினப்ப நல்ல வெயில். கையில அவளுக்கு ஒரு புடவை. டீக்கடையில விசாரிச்சேன்.

"மாதம்மா வீடு எங்க இருக்குங்க?"

"எந்த மாதம்மாங்?"

"மாதேசன் மக."

பெஞ்சுல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. "இந்தப் பெஞ்சுலயே ரெண்டு மாதேசன் இருக்கறமுங்."

"சின்ன மாதம்மாம்பாங்க. புதுசா வீடு கட்டியிருக்காங்க, இன்னைக்குப் பால் காய்ச்சுறாங்க."

"முகூர்த்த நாளுங். மூணு வீட்ல பால் காச்சுறாங்க. சின்ன மாதம்மான்னா தெருவுக்கு ஒண்ணு இருக்குதுங்."

"மைசூர்ல ஊதுவத்தி கம்பெனியில இருந்தவங்க."

அப்ப அதுல ஒருத்தர் தொடையைத் தட்டினாரு. "அட, டூப்ளிகேட் மாதம்மாவா? அதை முதல்லயே சொல்லக்கூடாதுங்ளா?"

இல்லைன்னு சொல்லியிருக்கணும். வெயிலு. நேரம் வேற ஆயிட்டு இருந்துச்சு. நான் தலையை ஆட்டினேன். உடனே நாலு கை ஒரே பக்கமா நீண்டுச்சு. "கோயில் தாண்டி சோத்தாங்கைப் பக்கம்." ஒரு சந்தேகம் இல்ல, ஒரு குழப்பம் இல்ல. அத்தனை மாதம்மாவுக்கு நடுவுல அவளைத் தனியாக் காட்டிடுச்சு, எங்க ஓனர் எழுதின அந்த வார்த்தை.

வீட்டு நிலைக்கு மேல நீலப் பெயின்ட்ல எழுதியிருந்துச்சு: "கௌதள்ளி மாதேசன் மகள் சின்ன மாதம்மா இல்லம்". ஒரு எழுத்துகூடக் குறைக்கல. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் இருந்துச்சு. நான் நின்னு படிச்சேன். அவ ஓடி வந்து கையைப் பிடிச்சா, உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சா, பால் கொண்டு வந்தா.

"வழி கண்டுபுடிச்சு வந்துட்டீங்ளே. என்னன்னு கேட்டீங்?"

"மாதம்மா வீடு எதுன்னு கேட்டேன்."

அவ டம்ளரை நீட்டினபடியே என்னைப் பாத்தா. கோவமா ஒண்ணும் இல்ல.

"அப்பிடிக் கேட்டா இந்த ஊர்ல யாரும் இங்க அனுப்ப மாட்டாங்கக்கா"ன்னா. "பாலக் குடிங், ஆறிப்போவுது."

குடிச்சேன்.

அவ்வளவுதான் விஷயம். இப்ப அந்தப் பொண்ணு எங்க? வாம்மா, முன்னாடி வா, பயப்படாத. அந்த ஸ்க்ரீனைத் திற. "இன்வேலிட் பர்சன்"னு எழுதியிருக்கியே, அதை எடு. புள்ளி தப்புன்னா புள்ளி தப்புன்னு எழுது. ஆளைப் பத்திப் பேசுறதுக்கு நமக்கு யாரும் சம்பளம் குடுக்கல. அப்புறம் இல்ல, அடுத்த வெர்ஷன்ல இல்ல, இப்ப. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.